முப்பத்தொன்பதாவது ஆள்

ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு புளிசாதப் பொட்டலம் வைத்துக்கொண்டே வந்தான். கடைசி இருக்கையில் இரண்டு வைத்தான்.

பேருந்து காலியாக இருந்தது.

காலையில் சூரிச். சாயங்காலம் மூனிக். நடுவில் லிண்டாவ் என்றொரு தீவு ஊர். கோயம்புத்தூர்க்காரர்கள் முப்பத்தெட்டு பேரும், சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டிப் பெண்ணின் பின்னால் போயிருந்தார்கள். துறைமுக வாசலில் கல் சிங்கம் ஒன்று உட்கார்ந்திருக்கிறதாம்.

இந்த ஊருக்கு அவன் வருவது ஏழாவது முறை. சிங்கத்தைப் பார்த்ததில்லை. பேருந்து நிற்கும் இடத்தில் எத்தனை குப்பைத்தொட்டி என்று கேட்டால் சொல்லுவான்.

சமையல்காரன் பேருந்தை விட்டு நகரக் கூடாது. அவனுடைய பாஸ்போர்ட் மேனேஜர் மோகனரங்கத்தின் இடுப்புப் பையில் இருக்கும். விமான நிலையத்தில்தான் கைக்கு வரும்.

தம்பி மாதிரி ஆட்களால் வந்த விதி அது.

ஆறு வருடத்துக்கு முன்னால், வேறொரு கம்பெனிக்குச் சமைக்க வந்த தம்பி இதே ஊரில் காணாமல் போனான். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்ததாம். இப்போது ஏரிக்கரை உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறான். விசா இல்லை. பாஸ்போர்ட் காலாவதி. ஊர் திரும்ப ஒரு காகிதம் கேட்டுத் தூதரகத்தில் எழுதிக் கொடுத்து ஆறு வாரம் ஆயிற்று.

அம்மாவுக்கு அவ்வளவு நாள் இல்லை. இந்த வாரம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக நேற்று சித்தி போனில் அழுதாள்.

கிளம்புகிற அன்று அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவனா?" என்றாள்.

"பெரியவன்மா."

கையை விட்டுவிட்டாள்.

இத்தனை வருடம் கூடவே இருந்தவன் அவன். வாயில் சோறு ஊட்டியவன் அவன். வலித்தது. இன்னும் வலிக்கிறது.

சொல்லிவைத்தபடி தம்பி வந்தபோது, பேருந்து கிளம்ப ஒரு மணி நேரம்தான் மிச்சம் இருந்தது. பேருந்தின் பின்பக்கம் நின்றபடியே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டான். பாதியில் கை நின்றது.

"அண்ணே, அம்மா என்னயக் கேட்டுச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ஒன்னய மட்டுந்தான் கேக்குது."

தம்பி அழவில்லை. பொட்டலத் தாளை மடித்தான். மடித்ததையே மறுபடி மடித்தான்.

பேருந்துக் கண்ணாடியில் இருவரும் தெரிந்தார்கள். ஒரே நெற்றி. ஒரே மூக்கு. சின்ன வயதில் முதுகைப் பார்த்து ஆள் மாற்றி அடித்திருக்கிறாள் அம்மா.

பதினொரு நாள் பயணத்தில் அவன் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. மாஸ்டர், அவ்வளவுதான். பரிமாறும்போது கரண்டியைப் பார்ப்பார்கள். பேருந்தில் ஏறினால் கம்பெனி கொடுத்த சிவப்பு ஜாக்கெட், மூக்கு வரை இழுத்துவிட்ட மங்கி குல்லா, கடைசி இருக்கை, தூக்கம். கோமளவல்லி டீச்சர் மட்டும் ஒவ்வோர் ஊரிலும் இறங்கும்போது நின்று முகத்தைப் பார்த்து, "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க மாஸ்டர்" என்பார்.

இன்று கட்டிய புளிசாதம்தான் கடைசிச் சமையல். ராத்திரி ஓட்டலிலேயே சாப்பாடு. காலையில் விமானம்.

தூரத்தில் சிவப்புக் குடை தெரிந்தது.

ஜாக்கெட்டைக் கழற்றினான். குல்லாவைக் கழற்றினான்.

"ஏறு. தூங்குற மாதிரி உக்காரு. யாரு கூப்ட்டாலும் உம்னு சொல்லு, போதும். காலையில ஏர்போர்ட்டுல எம் பாஸ்போர்ட்டு உன் கைக்கு வரும்."

தம்பிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் தலையை ஆட்டி மறுத்தான். குடை நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் தம்பிக்கு ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு, குல்லாவைத் தலையில் மாட்டி, மூக்கு வரை இழுத்துவிட்டான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது சட்டைப் பித்தான் போட்டுவிடுவானே, அதே அவசரம்.

தம்பியின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்துப் பேருந்தின் பின்னால் போய் நின்றான்.

எல்லோரும் ஏறினார்கள். திறந்திருந்த கதவு வழியாக மோகனரங்கம் எண்ணுவது கேட்டது.

"முப்பத்தெட்டு. மாஸ்டர்?"

அவன் பக்கத்துப் பேருந்தோடு ஒட்டிக்கொண்டான்.

"உம்."

"முப்பத்தொம்போது. போலாம்."

கடைசி ஜன்னலில் டீச்சர் தெரிந்தார். கையில் ஏதோ வாங்கி வந்திருந்தார். கொடுப்பதற்குக் குனிந்தவர் நிமிரவில்லை. கொடுக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு டீச்சர் கையை நீட்டி, ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

பேருந்து போய்விட்டது.

கோட்டுப் பையில் ஒரு சாவி இருந்தது. தூதரக ரசீது இருந்தது, தம்பி பெயரில். அந்தக் காகிதம் அடுத்த வாரம் வரலாம். அடுத்த வருடமும் வரலாம். வரும்வரை தம்பியின் கட்டில், தம்பியின் பெயர். ஐந்து மணிக்குத் தம்பியின் பாத்திரங்கள்.

மணி மூன்றுதான் ஆகியிருந்தது. ஏரிப் பக்கம் நடந்தான்.

சிங்கத்தின் முதுகுதான் தெரிந்தது. அது தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

கோட்டுக்குள் தம்பியின் போன் அடித்தது. சித்தி.

எடுத்தான். சித்தி போனை யார் காதிலோ வைத்தாள். இழுத்து இழுத்து விடும் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு குரல்.

"சின்னவனா?"

தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"ஆமாம்மா," என்றான். "சின்னவந்தான். வந்துக்கிட்டிருக்கேன்."