சாவியைக் கையில் தரவும்

‘சாவி, எதிரே மூன்றாம் எண் வீட்டில். திருப்பிக் கையில் தரவும்.’

தேவாலயக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்ததும் பெரில் ஸ்டானர்டுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு நான்கு பழைய தேவாலயங்களைப் பார்த்துவிடுவது என்று கிளம்பியிருந்தாள். இது மூன்றாவது. நவம்பர் மழை வேறு. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

மூன்றாம் எண் வீட்டுக் கதவு தட்டிய மாத்திரத்தில் திறந்தது. எண்பது வயது ஹோரஸ் ட்ரான்ட்டர், வீட்டுக்குள்ளேயே டை கட்டிக்கொண்டு நின்றார்.

“வாங்க, வாங்க! சர்ச் பார்க்கத்தானே? உட்காருங்க, டீ போடறேன்.”

“சாவி மட்டும் போதும்.”

“எண்ணூறு வருஷமா நிக்குதும்மா. பத்து நிமிஷத்துல ஓடியா போயிடும்? எந்த ஊர் நீங்க?”

“எனக்கு நேரமில்லைங்க.”

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. ஒரு சாண் நீள இரும்புச் சாவியை எடுத்து வந்தவர், அதைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே சொன்னார்:

“திருப்பிக் கையிலதான் தரணும். கதவுல இருக்கற தபால் துவாரத்துல போட்டுட்டுப் போயிடக் கூடாது. நீங்க வர்றதுக்குள்ள டீ தயாரா இருக்கும்.”

‘அதிகாரத்தைப் பார்! கடவுள் வீட்டையே குத்தகைக்கு எடுத்த மாதிரி’ என்று பெரில் மனதுக்குள் பொருமினாள்.

சாவி லேசாகச் சுழன்றது. ஞானஸ்நானத் தொட்டி, கல்லறை மேல் கல்லாகப் படுத்திருந்த பிரபு, இரண்டு வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். நோட்டில் டிக் போட்டாள். முடிந்தது.

தேவாலயத்தைப் பூட்டிவிட்டுத் திரும்பும்போது, மூன்றாம் எண் வீட்டு ஜன்னலுக்கு உள்ளே கிழவர் கேக் வெட்டுவது தெரிந்தது. மாட்டினால் அரை மணி நேரம் போச்சு. பெரில் பூனை மாதிரி போய்ச் சாவியைத் தபால் துவாரத்தில் தள்ளினாள். ‘டங்’கென்று விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

காரில் ஏறி அடுத்த ஊர் பெயரைப் பார்க்கத் தேடினால், நோட்டைக் காணோம். தேவாலய பெஞ்சிலேயே விட்டுவிட்டாள். மறுபடி அந்த மனுஷரிடமா?

அலுத்துக்கொண்டே போனவள் திகைத்தாள். தேவாலயக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் பூச்சாடியில் பூ மாற்றிக்கொண்டிருந்தாள்.

“எப்படி உள்ளே வந்தீங்க? சாவியை இப்பத்தானே கொடுத்துட்டு வர்றேன்?”

“தள்ளினேன், வந்தேன்” என்று அவள் சிரித்தாள். “பூட்டு கெட்டு நாலு வருஷம் ஆச்சு. ஹோரஸோட மனைவி செத்த வருஷம். மனுஷர் வெளியே தலைகாட்டவே இல்லை. சர்ச் பார்க்க வர்றவங்களாவது அவர் கதவைத் தட்டட்டுமேன்னு ஊர்ல நாங்க கூடிப் பேசித்தான் அந்த அறிவிப்பை ஒட்டினோம். அவருக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க. ஆமா, இன்னிக்கு என்ன கேக்?”

பெரில் நோட்டை எடுக்காமலே, மழையில் ஓடினாள்.

இந்த முறை கதவு திறக்க வெகு நேரமாயிற்று. ஹோரஸ் கழுத்தில் டை இல்லை. மேஜையில் இரண்டு கோப்பைகள். சாவி, விழுந்த இடத்திலேயே கிடந்தது.

“அந்தச் சாவி... இன்னொரு தடவை தர்றீங்களா?” என்றாள் குற்ற உணர்ச்சியோடு.

அவர் கீழே கிடந்த சாவியைப் பார்த்தார்.

“சாவி எதுக்கும்மா? அந்தப் பூட்டு கெட்டு நாலு வருஷமாச்சு. தள்ளினாலே திறக்கும், போங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.