கலந்தர் கடை பீட்சா

"பசிக்கலைன்னா விடுங்களேன் கண்ணுசாமி. வற்புறுத்தாதீங்க."

காலையிலிருந்து இராஜாங்கம் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கியதும் இட்லிக்குக் கூப்பிட்டபோது வயிறு சரியில்லை என்றார். பத்து மணிக்கு டீக்குக் கூப்பிட்டால் பித்தம் என்றார். இப்போது மணி ஒன்று. மனுஷன் பச்சைத் தண்ணீரோடு திரிகிறார்.

கண்ணுசாமிக்கு மனசு கேட்கவில்லை.

சீர்காழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருவரும் சென்னைக்கு வந்திருப்பது நிலத்துக்காக. கேஸ் குழாய்க் கம்பெனி அவர்கள் வயலுக்கு நடுவே பள்ளம் தோண்டப் பார்க்கிறது. இரண்டு முறை ஆட்சி மாறியும் குழாய் போகிற பாதை மட்டும் மாறவில்லை. மூன்று மணிக்கு அதிகாரி முன்னால் விசாரணை. வருகிறேன் வருகிறேன் என்று தலையாட்டிய பன்னிரண்டு பேரும் கடைசி நேரத்தில் கம்பி நீட்டிவிட்டார்கள். கூட வந்தது இராஜாங்கம் ஒருவர்தான்.

அதுவும் யார்? கண்ணுசாமியின் அப்பா பண்ணையாளாகக் கிடந்தாரே, அந்த வீட்டுப் பிள்ளை. கண்ணுசாமியின் மூணு மா நிலத்துக்கு வாய்க்கால் வருவதே அவர் வயல் வழியாகத்தான். அங்கே பொக்லைன் இறங்கினால் வாய்க்கால் தூர்ந்து, மூணு மாவும் தரிசாகிவிடும். அவர் சம்மதக் கையெழுத்துப் போடாதவரை கண்ணுசாமிக்குப் பயமில்லை. போராட்டம் தொடங்கிய இந்த இரண்டு வருஷத்தில் 'வாடா' என்றவர் 'வாங்க' என்று கூப்பிடப் பழகியிருந்தார். அப்பேர்ப்பட்டவரைப் பட்டினி போட்டா கூட்டிப் போவது?

"எம் பொண்ணு அம்சம் ஒரு கடை சொல்லிச்சுண்ணே. இங்க படிக்கிறப்ப அங்கதான் திங்குமாம். மாலுக்குள்ள இருக்கறதெல்லாம் வெறும் லைட்டு வெளிச்சமாம். திருவல்லிக்கேணி சந்துக்குள்ள கலந்தர் பாய் போடுற பீட்சாதான் பீட்சாவாம்."

"எனக்கு அதெல்லாம் ஒத்துக்காது."

"எனக்கு மட்டும் பழக்கமா? வாங்கண்ணே, பாத்துருவோம்."

நாலு பேரிடம் வழி கேட்டு, இரண்டு சந்து தப்பாக நுழைந்து, ஒருவழியாகக் கண்டுபிடித்தார்கள். மூன்றே மேஜை. கலந்தர் துபாயில் பன்னிரண்டு வருஷம் மாவு உருட்டியவராம். இவர்கள் பேச்சைக் கேட்டதுமே முகம் மலர்ந்துவிட்டது.

"தஞ்சாவூர்ப் பக்கமா? நான் அதிராம்பட்டினம். உக்காருங்க. நம்ம ஊர்க்காரங்களுக்குச் சீஸ் கொஞ்சம் தாராளமாப் போடுறேன்."

சுடச்சுட வந்தது. கண்ணுசாமி ஒரு துண்டை எடுத்தார். சீஸ் நூலாக நீண்டு மீசையில் ஒட்டிக்கொண்டது.

"நல்லாத்தான் இருக்கு. அண்ணே, ஒரு வாய் எடுங்க."

இராஜாங்கம் கையை மடியிலேயே வைத்திருந்தார். திடீரென்று எழுந்து, "இதோ வர்றேன்" என்று வெளியே போனார்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணுசாமி வாசலை எட்டிப் பார்த்தார். பக்கத்துப் பெட்டிக்கடையில் சொந்தக் காசில் ஒரு பன் வாங்கி, தெருவில் நின்றபடி முதுகைக் காட்டிக்கொண்டு அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தார் இராஜாங்கம்.

ஆக, வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. போராட்டப் பந்தலில் இதே மனுஷன் ஒரே அண்டாச் சோற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான். ஆனால் அங்கே டிவிக்காரர்கள் இருந்தார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்?

பாதிப் பீட்சாவை அப்படியே விட்டு வெளியே வந்தார்.

"நேராவே கேக்கறேன். நான் வாங்கிக் குடுத்தா உங்களுக்கு இறங்காதா?"

"அப்படியெல்லாம் இல்ல கண்ணுசாமி."

"வேற எப்படி? உங்கப்பாரும் எங்க கையால தண்ணி குடிக்க மாட்டாரு. ஆனா அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாரு. பித்தம், வயித்து வலின்னு நடிக்க மாட்டாரு."

இராஜாங்கம் சட்டையில் சிந்தியிருந்த பன் தூளைத் தட்டிவிட்டார்.

அதிகாரியின் ஆபீஸ் வரை இருவரும் தள்ளித் தள்ளியே நடந்தார்கள். ரெண்டு வருஷமாக இந்த ஆளையா அண்ணே அண்ணே என்று நம்பினோம் என்று கண்ணுசாமிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மூன்று மணிக்கு அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"கண்ணுசாமி... ஆட்சேபணை. சரி, உங்க மனு இருக்கு. இராஜாங்கம் யாரு? நீங்கதானா? உங்க சம்மதக் கடிதம் வந்திருக்கு. நேர்ல உறுதி பண்ணிட்டா வேலை முடிஞ்சுது."

"ஆமாங்க" என்றார் இராஜாங்கம். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

மாடிப்படியில் கண்ணுசாமி அவரை மறித்தார்.

"எப்ப குடுத்தீங்க?"

"அறுப்புக்கு முந்தியே."

"ஒரே ரயில்ல பக்கத்துல உக்காந்து வந்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எங்க வாய்க்கால் போச்சேண்ணே."

"வாய் வரல." இராஜாங்கம் ஏதோ பெரிய பழியிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்பவர்போல நிமிர்ந்தார். "ஆனா ஒண்ணு. நீங்க மத்தியானம் சொன்னீங்க பாருங்க, அது தப்பு. நான் சாதி பாக்கறவன் இல்ல. வழக்குல எதிர் எதிரா நிக்கறவங்க ஒருத்தர் கையால ஒருத்தர் சாப்பிடக் கூடாதுன்னு நம்ம ஊர்ல முறை இருக்கு. உங்களுக்குத் துரோகம் பண்ணக் கூடாதுன்னுதான் காலையிலேர்ந்து பட்டினி கிடந்தேன்."

கண்ணுசாமி மறித்திருந்த கையை எடுத்து வழிவிட்டார்.

"அது சாதியாவே இருந்திருக்கலாம்ணே. அதோட சண்டை போட்டு எங்களுக்குப் பழக்கம்."