சிவப்புப் பெட்டியும் நீலப் பெட்டியும்

ஒரு கடையில் படம் ஓட்டும் பெட்டிகள் இரண்டு இருந்தன. சிவப்பின் வட்டு நீலத்தில் ஓடாது; நீலத்தின் வட்டு சிவப்பில் ஓடாது. "ஊரே என்னைத்தான் வாங்கப்போகுது" என்று இரண்டும் ஓயாமல் சண்டை போட்டன.

செண்பகவல்லி சிவப்பை வாங்கிப் போனாள். சில மாதம் கழித்து அவள் கணவன் குமரகுரு முகம் வாடி வந்தான்.

"ஏமாந்துட்டோம் செண்பகம். நீலம்தான் ஜெயிச்சுதாம். சிவப்புக்கு இனிமே புதுப் படமே வராதாம்."

மறுநாளே நீலப் பெட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"உன்னை எப்போ தூக்கிப் போடுவாங்க?" என்று அது சிவப்பைக் கேட்டது.

அதற்குள் குமரகுரு சொன்னான்: "அடுத்த வருஷம் இந்த நீலத்தைவிட நல்லதா ஒண்ணு வருதாம்."

"வரட்டும். என்கிட்ட இருக்கிற படம் இதுல ஓடுதா இல்லையா?" என்ற செண்பகவல்லி, தனக்குப் பிடித்த வட்டைச் சிவப்பில் போட்டாள்.

நீலத்தின் விளக்கு நடுங்கியது. "அண்ணே, தூக்கிப் போடும்போது வலிக்குமா?"

"தெரியலை தம்பி," என்றது சிவப்பு. "இப்போ பேசாதே. படம் ஓடுது."