கதவில் வெள்ளைத் தாள்

காய்ச்சலோடு அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றியதிலிருந்து ஆஸ்பத்திரியில் யாரும் போனை எடுப்பதில்லை. இப்போது எங்கள் வூஹான் வீட்டுக் கதவில் வெளியிலிருந்து தாள் ஒட்டி அடைக்கிறார்கள். பசை தேய்க்கும் சத்தம் கேட்கிறது. கதவின் பார்வைத் துளையை வெள்ளைத் தாள் மூடியதும் அம்மா கதவில் கன்னத்தை வைத்துக்கொள்கிறாள். வெளியே ஒட்டுகிறவன் பக்கத்து வீட்டுப் பையன் ஜியான். "ஏம்ப்பா ஜியான், வெள்ளைத் தாளா? செத்த வீட்டுக்குத்தானே அதை ஒட்டுவாங்க? அவர் உயிரோடதான் இருக்கார்." "என்கிட்ட இதுதான் இருக்கு, அத்தை." "என் கையால நூடுல்ஸ் தின்னவன்தானே நீ? இதையும் மேல ஒட்டு." புத்தாண்டுக்குக் காசு வைத்துக் கொடுக்க வாங்கிய, நல்ல சகுனமான சிவப்பு உறையைக் கதவுக்கடியில் தள்ளுகிறாள். தாளில் என்னம்மா இருக்கிறது என்று கத்த வேண்டும் போலிருக்கிறது. இந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஆனாலும் பாதியில் சிக்கிய உறையைக் குனிந்து நானே தள்ளிவிடுகிறேன். "ஒட்டிட்டியா?" என்கிறாள் அம்மா. படியிறங்கும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. கதவைத் திறந்து பார்க்க முடியாது. அம்மா கன்னத்தை எடுக்கவில்லை.