மேல் குரலுக்கு ஒன்று, கீழ்க் குரலுக்கு ஒன்று

"யார் எடுத்துட்டுப் போனதுன்னு மட்டும் சொல்லுங்க மர்ரே. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"அதுக்குப் பயந்துதான் சொல்லக் கூடாதுன்னு விதியே வெச்சிருக்காங்க" என்றார் நூலகர் மர்ரே. ஹோபார்ட் இசை நூலகத்தில் லினெட்டின் கோபத்துக்குப் பழகிப்போன ஒரே ஆள் அவர்தான்.

கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சனிக்கிழமை மகள் டானிக்குக் கல்யாணம். அப்பா இல்லாத கல்யாணம். ஆற்றுமேல் இறங்கும் பனிமூட்டத்தைப் பற்றி ஒரு கவிதை. உயிரோடு இருந்தவரை, முகச்சவரம் செய்யும்போதெல்லாம் அவர் அதைத்தான் முணுமுணுப்பார். "அப்பா பங்குக்கு அதை நீ பாடிடும்மா" என்று கேட்டுவிட்டாள் டானி.

கேட்பது சுலபம். இசை நூலகத்தில் கவிஞன் பெயரைச் சொல்லித் தேடினால் ஒன்றும் தேறாது. எல்லாம் மெட்டுப் போட்டவர் பெயரில் அடுக்கியிருக்கும். எழுதினவன் அங்கே விருந்தாளி. போன வாரம் மர்ரேதான் கவிதையின் முதல் வரியை வைத்துத் தேடி, மூன்று பேர் அதற்கு மெட்டுப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். ஒன்று, எட்டுப் பேர் சேர்ந்து பாட வேண்டியது. இன்னொன்றில் மெட்டு இருந்ததாகவே தெரியவில்லை. மூன்றாவதைக் கேட்டால் கல்லும் கரையும்.

அது இரண்டு புத்தகமாக இருந்தது. மேல் குரலுக்குப் பச்சை அட்டை, கீழ்க் குரலுக்குப் பழுப்பு அட்டை. பாட்டு ஒன்றேதான், சுருதிதான் வேறு.

அன்றைக்கு லினெட் நூலக அட்டையை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். ஆனால் எந்தப் பாட்டு, எந்தப் புத்தகம் என்று தேவாலயப் பாடகர் குழு முழுக்கத் தம்பட்டம் அடிக்க மட்டும் மறக்கவில்லை.

இன்று வந்து பார்த்தால் பச்சையைக் காணோம்.

"திருப்பிக் கேட்டீங்களா?"

"கேட்டேன். திங்கட்கிழமைதான் தர முடியுமாம்."

"என் பொண்ணு கல்யாணம்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அதுக்கு?"

"திங்கட்கிழமைதான் தர முடியுமாம்."

"என்ன கொழுப்பு!"

மர்ரே மெதுவாகப் பழுப்புப் புத்தகத்தை நகர்த்தினார். "இது இருக்கே?"

"நான் சோப்ரானோ மர்ரே, மேல் குரல்! இதெல்லாம் ஆம்பளைங்களும் கிழவிங்களும் பாடறது."

லினெட்டுக்கு ஐம்பத்தெட்டு.

மாலை ஒத்திகையில், தேநீர் இடைவேளை வந்ததும் தோழி ரேலீனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"எவளோ ஒருத்தி வேணும்னே அமுக்கி வெச்சிருக்கா. அவ தொண்டையில பிஸ்கட் சிக்கணும்!"

ரேலீனுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள், "பேசாம அந்தப் பழுப்பையே பாடேன்."

"நீயுமா?"

வேறு வழி இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பழுப்பையே எடுத்துப் பாடிப் பழகினாள்.

சனிக்கிழமை தேவாலயத்தில் லினெட் பாட எழுந்தாள். கடைசி வரியில் மெட்டு மேலே ஏறும் இடம், இழுத்த இழுப்புக்கு வந்தது. டானியின் கண் மை கன்னத்தில் இறங்கியது. லாரி ஓட்டும் சம்பந்தி, கழுத்து டையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் நீ இப்படிப் பாடிக் கேட்டதே இல்லை என்று எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்.

இதற்கே இப்படியென்றால் பச்சை கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று லினெட் நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பழுப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அங்கே மர்ரேயின் மேஜை முன்னால் ரேலீன். அவள் கையில் பச்சைப் புத்தகம்.

"நீயாடி!"

ரேலீன் திரும்பினாள்.

"என் வீட்டுக் கல்யாணத்துல பாவ்லோவா கேக்கை ரெண்டு தடவை வாங்கித் தின்னியேடி! ஒரு தடவையாவது தொண்டையில இறங்க மறுத்துச்சா? ஏன்டி இப்படிப் பண்ணினே?"

"நல்லாத்தானே பாடினே?"

"பேச்சை மாத்தாதே. இதை வெச்சு நீ என்ன பாடினே?"

"ஒண்ணும் பாடலை. பிரிச்சுக்கூடப் பார்க்கலை."

"அப்புறம்?"

மர்ரேக்குத் திடீரென்று உள் அறையில் வேலை வந்துவிட்டது. அவர் போகும்வரை காத்திருந்து, ரேலீன் குரலைத் தாழ்த்தினாள்.

"கோவிச்சுக்காதே லின். மேல் சுருதியில அந்த உச்சம் உனக்கு இப்பல்லாம் எட்டறதில்லை. சொன்னா நீ பாடவே மாட்டே. குழுவுல பரவாயில்லை, உனக்குப் பின்னாடி நின்னு நான் பிடிச்சுடறேன், யாருக்கும் தெரியாது. கல்யாணத்துல உனக்குப் பின்னாடி நான் எங்கே போய் நிக்கறது?"