சிவப்புக் கோட்டுக்குள்

உள்நாட்டில் செய்த போர்விமானம் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும்போது, குறுக்கே கட்டிய இரும்புவடத்தைப் பற்றி அதை நிறுத்தும் வால்கொக்கிக்குச் சரியென்று கையெழுத்திட்ட பொறியாளர் தளத்தில் சிவப்புக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் விமானிகள் இறங்க மாட்டார்கள். எட்டு மாதத்துக்கு முன் அங்கே நின்றவள் தமயந்தி. கொக்கி முறிந்தது. விடுபட்டுச் சுழன்ற இரும்புவடம் அவளை இடுப்போடு இரண்டாக வெட்டியது. இன்று அதே இடத்தில் அவள் கணவன் பரிதி நின்றான். புதிய கொக்கி அவன் செய்தது.

"வெளிநாட்டு விமானம்னா செஞ்சவன் ஃபோட்டோவ இங்க நட்டு வச்சிட்டு நாம டீ குடிக்கலாம்," என்றார் தளத்தலைவர் ரோச். "இன்னைக்கும் முறிஞ்சா இனி அதத்தான் வாங்குவானுவ. பயமா இருக்கா தம்பி?"

"இல்லண்ணே."

மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த விமானி இர்ஃபானின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "கோட்டுக்குள்ள யாரு?"

"தமயந்தி வீட்டுக்காரரு," என்றார் ரோச் மைக்கில்.



"அவர் வேண்டாம். சாவுக்குப் பயப்படுற யாரையாவது நிறுத்துங்க."

"என்னலே பேசுத?" ரோச் கத்தினார். "எரிபொருள் நாலு நிமிசத்துக்குத்தாம்ல இருக்கு!"

பரிதி கொக்கியை நினைத்துப் பார்த்தான். இருமுறை சோதித்திருந்தான். கட்டாயமான மூன்றாவது சோதனையைச் செய்யாமலே கையெழுத்திட்டிருந்தான். ஏன் என்று அன்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ரோச்சின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான்.

"எறங்காத தம்பி. குதிச்சிடு."

தப்பிக்கும் விசையை இழுத்த இர்ஃபான் இருக்கையோடு வானில் எறியப்பட்டான். ஆளில்லாத விமானம் கப்பலை ஒட்டிக் கடலில் மோதி வெடித்தது. எரியும் துண்டுகள் தளமெங்கும் விழுந்தன. எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

பரிதியும் ஓடினான்.