கரிச்சான் படித்த படிப்பு

காட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள் ஆளுக்கொரு துறையைப் பிடித்துக்கொண்டார்கள். கரிச்சான் குருவி மட்டும் காலையில் மைனாக்களின் வகுப்பிலும் மத்தியானம் அணில்களின் வகுப்பிலும் சாயங்காலம் தவளைகளின் வகுப்பிலும் போய் உட்கார்ந்து, அவரவர் பாடத்தை அவரவர் குரலிலேயே படித்தது. பல்துறைப் படிப்பாம்.

"எல்லாம் சரி தம்பி, முடிச்சுட்டு என்னவா ஆகப்போற?" என்று பார்க்கும்போதெல்லாம் அணில் அக்கா கேட்பாள். கரிச்சானுக்கும் அது தெரியாது.

ஒரு நாள் பருந்து வட்டமிட்டதை முதலில் பார்த்தது கரிச்சான்தான். ஆபத்தில் யாரும் அடுத்த இனத்தின் குரலைக் காதில் வாங்குவதில்லை என்று அதற்குத் தெரியும். மைனாவாகக் கத்தியது, அணிலாகக் கத்தியது, தவளையாகவும் கத்தியது. எல்லோரும் பதுங்கிப் பிழைத்தார்கள்.

பருந்து போனதும் அணில் அக்கா பொந்தைவிட்டு வெளியே வந்தாள். "எங்க ஆளுங்கள்ல யாரோ கெட்டிக்காரன் குரல் குடுத்தான், தப்பிச்சோம். ஆமா, உன் படிப்பு என்னதான் ஆச்சு?"

கரிச்சான் பதில் சொல்ல வாயைத் திறந்தது. அதற்குள் அவள் முதுகில் மறுபடியும் பருந்தின் நிழல் விழுந்தது.

இந்தத் தடவை கரிச்சான் முதலில் அணிலாகத்தான் கத்தியது.